அறிவு வேட்கையும் நோயாளியின் இசைவும்

மனிதரைப் பற்றும் பிரியன் நோய்களுள் முதன்மையானது குரொய்ற்ஸ்ஃபெல்ற்-யாக்கொப் நோயாகும். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவரையே அது பீடிக்கின்றது, பீடித்தபின் விடுவதில்லை. நினைவும் சொல்லும் தடுமாறும். பெரும்பாலோர் ஓராண்டினுள் இறப்பர்.

உடல் தானே ஆக்கும் புரதமொன்று தவறாக மடிந்து, அயலிலுள்ள தன்னினப் புரதங்களையும் அவ்வாறே மடியச் செய்வதே இந்நோய். 1982 இல் ஸ்ரான்லி புரூசினர் இக்கருத்தை முன்வைத்தபோது ஐயுற்றோர் பலர். 1997 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பகைப்பொருள் உடலுக்கே உரியதாதலின் நிர்ப்பீடனத் தொகுதி அதனை அயற்பொருளென இனங்காண்பதில்லை, பிறபொருளெதிரிகள் தோன்றுவதில்லை. எனினும் மூளை வாளாவிருப்பதுமில்லை. அங்குள்ள மைக்ரோகிளியாக் கலங்கள் கிளர்ச்சியுற்று, சைற்றோகைன்கள் எனப்படும் சைகை மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. நோயாளரின் மூளைய முண்ணாண் பாய்பொருளில் இன்ரலூக்கின்-8 மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. இச்சைகைகள் நரம்புக்கலங்களைக் காப்பனவா, அழிவை விரைவுபடுத்துவனவா என்பது ஆய்வாளரிடையே இன்றும் வழக்காகவே உள்ளது.

அவ்வழக்கைத் தீர்க்கப் பாய்பொருள் வேண்டும். அதைப் பெற முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தவேண்டும். இசைவு தரவேண்டியவரோ இசைவென்னும் சொல்லின் பொருளையே இழந்துவிட்டவர்.

முதல் ஊசியைப் பற்றிப் பெரிய முரண்பாடில்லை. குணப்படுத்தக்கூடிய மூளையழற்சி சிலவேளை இந்நோயின் வேடம் பூண்டு வருவதுண்டு. அதனைப் பிரித்தறிவது நோயாளியின் நலத்துக்கே. எஞ்சிய துளிகளை உறவினர் இசைவுடன் ஆய்வுக்கு வைப்பதால் அவருக்குப் புதிய நோவு எதுவுமில்லை. இரண்டாம், மூன்றாம் ஊசிகளே இடர்ப்பாடானவை. சைகைகள் நோயின் போக்கில் ஏறியிறங்குவதை அவை காட்டும். ஊசியேற்பவருக்கு யாதொன்றும் பயவா. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் கொள்கை இங்கு குறுக்கிடும். வருங்கால நோயாளர் பயன்பெறுவர் எனும் பயன்வழிவாதியின் மறுமொழி வலுவற்றதன்று. ஆனால் அதே வாதம் எத்தனை ஊசிகளையும் நியாயப்படுத்திவிடும்.

உலக மருத்துவச் சங்கம் 1964 இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம், தமக்குப் பயன்தராத ஆய்வில் இசைவு தரவியலாதோரைச் சேர்ப்பதற்கு நிபந்தனைகள் விதிக்கின்றது: இடரும் சுமையும் மிகச் சிறியனவாதல் வேண்டும்; இசைவு தரவல்லோரிடம் அவ்வாய்வைச் செய்ய இயலாதிருத்தலும் வேண்டும். பின்னையது கூர்ந்து நோக்கத்தக்கது. நோயாளருள் பத்திலொருவர் அளவிலானோருக்கு இந்நோய் பரம்பரைவழி வருகின்றது. அக்குடும்பங்களிற் பிறழ்ந்த மரபணுவைத் தாங்கியோர் சிலர், நலமாயிருக்கும்போதே பொருளுணர்ந்து தம் பாய்பொருளை ஆய்வுக்கு அளித்துள்ளனர். நோயுற்றபின் எத்துணைதூரம் செல்லலாம் என்பதையும் அத்தகையோர் முன்கூட்டியே கூறிவைக்க முடியும். ஏனைய பெரும்பாலோருக்கு அவ்வாய்ப்பில்லை. அவர்பொருட்டு உறவினரே பேசுவர்.

ஆயினும் ஊசியைக் கண்டு உடலை இழுத்துக்கொள்பவர், சொல்லிழந்தவராயினும், மறுப்பவராகவே கொள்ளப்படவேண்டும். உறவினரின் கையொப்பம் அம்மறுப்பை நீக்காது. இந்நோயில் தசைத்துடிப்பும் திடுக்குறலும் இயல்பானவை. அவ்வசைவு மறுப்பன்று என மருத்துவர் கூறலாம். கூற்று உண்மையாகவும் இருக்கலாம். அவ்வையத்தின்பேரில் ஊசியை நிறுத்தினால் ஆய்வாளர் இழப்பது ஓர் அளவீட்டை மட்டுமே.