கறையும் கீறலும்



எவர்சில்வர் சட்டியில் எண்ணெய் தீய்ந்து பிடித்தால் கம்பிநாரால் சுரண்டுகிறோம். கறை போகும், கீறல் நின்றுவிடும். சூட்டில் இறுகிய எண்ணெயே அந்தக் கறை. அடியிலுள்ள உலோகம் கெடவில்லை. 100-க்கு 10 பங்குக்கு மேல் கலந்துள்ள குரோமியம் காற்றுப்பட்டு, மெல்லிய படலமாய் அதைத் துருவினின்று காக்கிறது. ஆகவே சமையல் சோடா கரைத்த வெந்நீரில் இரவெல்லாம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் மெல்லத் தேயுங்கள். ஒருநாளில் போகாவிடில் மறுநாளும் ஊறட்டும்.

தவறிய பிள்ளையை எவ்விதம் திருத்துகிறோம்? கண்டும் காணாதிருப்பது அன்பாகாது. ஊறினால் மட்டும் கறை போய்விடாது, தேய்க்கவும் வேண்டும். ஆனால், பிறர் முன்னிலையில் கடுஞ்சொல்லால் சுரண்டினால், குற்றம் மறைந்த பின்னும் அவமானத்தின் வடு நிற்கும். குற்றம் வேறு, பிள்ளை வேறு என்பதை மறவாமல், கோபம் ஆறியபின் தனியே அழைத்துப் பேசுங்கள். அதுவே திருத்தம், மற்றது நம் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்வதே.