அவள் நடந்த 13 கிலோமீட்டர்

ஒருத்தி பட்ட பாட்டைக் கதையாக்கும்போது, அவள் இடத்தில் அவளைப் பாடுபடுத்திய ஆணை நிறுத்தினால் அது நியாயமா? 'கூழாங்கல்' படம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது.

இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் சகோதரி, கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தார். படம் பிறந்தது அந்த நடையிலிருந்துதான் என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர்க் கணக்கில், தென்காசியிலிருந்து குற்றாலம் போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் வராது. இங்கே சாரலாவது உண்டு. படம் எடுக்கப்பட்ட மேலூர்ப் பக்கத்துப் பொட்டலில் வெயில் மட்டும்தான். ஆனால் திரையில் அந்த வெயிலில் நடப்பது கணவன். குடித்துவிட்டு, மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைத் தேடிக் கிளம்புகிறவன்.

2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் போட்டிப் பிரிவில் படம் முதலில் திரையிடப்பட்டது. கொரோனாக் காலமாதலால் விழா இணையத்தில் நடந்தது. டைகர் விருதும் 40,000 யூரோவும் கிடைத்தன.

பிறகு சோனி லிவ்வில் வந்தபோது எங்கள் தெரு அக்கா ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தேன். மடியில் சுளகு, கையில் பீடி இலை. "நடக்கட்டும்ளா, நல்லா நடக்கட்டும்" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "அது சரி, அவள ஏன் காட்டவே மாட்டேங்கான்?" என்றார்.

இரண்டுமே சரியான பேச்சு. பிள்ளையைச் சுமந்து வெயிலில் நடக்கும் பெண்ணைக் காட்டியிருந்தால் நாம் அழுதிருப்போம். அந்த அழுகையைத் தமிழ் சினிமா எத்தனையோ முறை விற்றுவிட்டது. அழுது முடித்தால் கணக்குத் தீர்ந்துவிடும். குடிகாரன் நடக்கும்போது இரக்கம் வருவதில்லை. அவன் கோபம் எதைத் தின்று வளர்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மகன் பஸ் காசைக் கிழித்துப் போடும் இடத்தில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் அவள் நடைக்குத் திரையில் சாட்சி இல்லாமல் போயிற்று. ஊர் ஊராகப் பேசப்பட்டது தந்தை மகன் கதை. அந்தச் சாலையில் அவள் என்ன நினைத்தாள் என்பது தெரிந்தவர்போல் சகோதரன் காட்டிக்கொள்ளாததை நான் நாணயமென்றே எடுத்துக்கொள்கிறேன். தெரியாததைச் சொல்லாமல் விடுவது ஒன்று. சொல்லக்கூடியவளைச் சொல்லவிடாமல் செய்வது வேறொன்று. இரண்டாவது நடக்காத இடத்தில்தான் முதலாவதை நாணயம் என்று சொல்ல முடியும்.

2025இல் அதே ராட்டர்டாமில், அதே போட்டிப் பிரிவில், வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' திரையிடப்பட்டது. ஒரு பெண் தன் ஆசைகளைத் தானே சொல்லும் படம். டீசர் வெளியானதுமே இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. 'கூழாங்கல்'லில் ஒரு தாய் காணாமல் இருந்ததற்கு இந்த அளவு சத்தம் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

'கூழாங்கல்' முடிவதும் பெண்களிடம்தான். குழியில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு நிரப்புகிறார்கள். கேமரா அவசரப்படவே இல்லை. பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது அந்த இடத்தில் மட்டும்தான்.