சீரக வாசனையும் செம்பு நொதியும்

வாழைப்பூ ஆயும் வீட்டில் பக்கத்தில் ஒரு கிண்ணம் மோர்த்தண்ணீர் இருக்கும். நறுக்கிய பூவை அதில் போடாமல் தட்டிலேயே விட்டால், அடுப்பு மூட்டுவதற்குள் கறுத்துவிடும். காற்றுப்பட்டுக் கறுத்தது என்போம். அது பாதிதான் உண்மை. காற்றின் ஆக்சிஜனைப் பூவிலுள்ள பீனால் சேர்மங்களோடு சேர்த்துவைக்க ஒரு நொதி வேண்டும். முழுப் பூவில் நொதி ஓர் அறையிலும் பீனால்கள் வேறோர் அறையிலும் அடைந்து கிடக்கின்றன. கத்தி பட்டதும் இடையிலிருந்த சுவர் போய்விடுகிறது. மோரின் புளிப்பு அந்த நொதியைச் சோர்ந்துபோகச் செய்கிறது.

இதற்கு உறவான நொதி ஒன்று நம் தோலிலும் உண்டு. பெயர் டைரோசினேஸ். 1895இல் பிரான்சில் பூர்க்லோவும் பெர்த்ரானும் இந்த வகை நொதியை முதலில் கண்டது, வெட்டினால் கறுக்கும் ஒரு காளானில். மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் நிறமிச் செல்களில் இது டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை டோபாகுவினோனாக மாற்றுகிறது. அதன்பின் வரும் படிகளில் பல தாமாகவே நடந்து மெலனினில் போய் முடிகின்றன. முதல் படியை அடைத்துவிட்டால் மற்றவை தாமாக நிற்கும். கன்னத்தில் படியும் மங்கு வெளுக்க மருந்து தேடுகிறவர்களில் பலர் இந்த நொதியையே குறிவைப்பது அதனால்தான்.

நொதியின் நடுவே இரண்டு செம்பு அயனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன. வேலை நடக்கும் இடம் இதுவே. இதைக் கெடுக்கப் பல வழிகள் உண்டு. அரிசியில் வளரும் பூஞ்சையிலிருந்து கிடைக்கும் கோஜிக் அமிலம் செம்பையே பற்றிக்கொள்கிறது. வாசனை எண்ணெய்களில் பலவற்றின் வழி வேறு. சீரகத்தை உள்ளங்கையில் கசக்கினால் எழும் மணத்துக்கு முக்கியக் காரணம் க்யூமினால்டிஹைடு. 1998இல் பெர்க்லியில் இசாவோ குபோவும் அவருடைய சக ஆய்வாளரும், இது காளான் டைரோசினேஸை நன்றாகவே தடுக்கிறது என்று காட்டினார்கள். மூலக்கூறின் ஆல்டிஹைடு முனை, நொதியின் புரதத்திலுள்ள அமினோ தொகுதியோடு பிணைந்துகொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பட்டையின் சின்னமால்டிஹைடும் எலுமிச்சைப்புல்லின் சிட்ராலும் ஆல்டிஹைடுகளே. அவற்றிலும் இந்தத் தடுப்பு பதிவாகியிருக்கிறது. நம் அஞ்சறைப்பெட்டியில் பாதி இந்த ஆய்வுகளில் வந்துபோகிறது என்று சொன்னால் மிகையில்லை.

சோதனை எளிது. காளான் நொதியோடு டோபா என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்தால் கரைசல் ஆரஞ்சுச் சிவப்பாகும். 475 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். எண்ணெய் சேர்த்ததும் நிறம் ஏறுவது குறைந்தால், தடுப்பு இருக்கிறது என்று பொருள்.

‘முகம் வெளுக்கும் மூலிகைத் தைலம்’ என்று புட்டியில் ஒட்டும் அவசரம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. (மெலனின் வெயிலுக்குக் குடை பிடிக்கும் பொருள், அழுக்கு அல்ல என்பதை விளம்பரக்காரர்களுக்கு யார் சொல்வது?) காளானின் நொதியும் மனிதனின் நொதியும் ஒன்றல்ல. மனித டைரோசினேஸை வைத்துச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், பேர்பெற்ற கோஜிக் அமிலமே தடுமாறியது: நொதியைப் பாதி அடக்க அதற்கு 500 மைக்ரோமோலாருக்கும் மேற்பட்ட அளவு தேவைப்பட்டது. காளான் நொதிக்கு அதில் சிறு பங்கே போதும். மேலும் எண்ணெய் என்பது ஒரே பொருளல்ல, கலவை; மண்ணும் பருவமும் வடிக்கும் முறையும் மாறினால் உள்ளிருக்கும் விகிதமும் மாறும்.

பெரிய சிக்கல் தோலில் காத்திருக்கிறது. நொதியின் புரதத்தைப் பற்றும் அந்த ஆல்டிஹைடு முனை, தோலின் புரதத்தை மட்டும் விட்டுவைக்குமா? சின்னமால்டிஹைடும் சிட்ராலும் ஐரோப்பாவில் ஒவ்வாமைப் பொருள்களாகப் புட்டியில் பெயர் குறிக்கவேண்டியவை. ஒவ்வாமை வந்தால் அரிப்பு, அழற்சி. நம்மைப்போன்ற மாநிறத் தோலில் அழற்சி ஆறும்போது அந்த இடம் கறுத்து நிற்கும். மாதக்கணக்கில் போகாது. பெர்கமோட், லைம் போன்ற பழங்களின் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் பெர்காப்டன் இருக்கிறது. பூசிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகிப் பழுப்புத் தடம் விழும். நிறத்தைக் குறைக்கப் பூசியது நிறத்தைக் கூட்டிவிடும்.

எதிர்த்திசையிலும் விபத்து நடந்திருக்கிறது. மேப்பிள், பிர்ச் மரங்களில் இயற்கையாகக் கிடைக்கும் ரோடோடென்ட்ரால் வாசனை எண்ணெய் அல்ல, ஆனால் டைரோசினைப்போலத் தோற்றம் காட்டி நொதியை ஏய்க்கும் பீனால். ஜப்பானின் கானெபோ நிறுவனம் இதை வெளுப்புக் களிம்பில் சேர்த்து, 2013 ஜூலையில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. 16,000க்கும் மேற்பட்டவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்திட்டுகள். நொதி அடங்கிக் கிடக்கவில்லை. வந்த மூலக்கூறை இரையென்று எடுத்து நச்சுக் குவினோனாக மாற்றியது, அந்த நஞ்சில் நிறமிச் செல்களே மடிந்தன. களிம்பை நிறுத்தியபின் பலருக்கு நிறம் மெல்லத் திரும்பியது. சிலருக்குத் திரும்பவில்லை.