தொடாக் காஞ்சியும் மணவுறுதியும்

இன்பத்திற் பிறந்த அன்பு துன்பத்திலும் நிலைக்குமா என்பது அறவியலின் பழைய வினா. டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டு எழுந்த வோர்லி ஆலயம் அங்கிலிக்கன் மரபினது. அம்மரபின் மணமக்கள் நோயிலும் பிரியோம் என இறைவன் முன் உறுதி கூறுவர். கூறும்போது இருவரும் நலமுடையர். 1914 ஒக்டோபரில் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினர் எகிப்துக்குக் கப்பலேறினர். 1915இல் கலிப்போலிப் போர்முனையையும் கண்டனர். போருக்குச் சென்றவன் உறுப்பிழந்து மீளின், அம்மணவுறுதி யாரைக் கட்டும்?

புண்பட்ட கணவனைப் பேய் அணுகாது மனைவி காத்தலைத் தொல்காப்பியம் தொடாக் காஞ்சி என்னும். வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, மணியொலித்து, நறும்புகை எழுப்பிக் காக்க முனையும் மகளிரை அரிசில்கிழார் புறநானூற்றின் 281ஆம் பாட்டிற் காட்டுவார். அங்கே அன்பும் நம்பிக்கையும் ஒன்றாகவே நிற்கின்றன.

ஆயின், காவலிரவு குறுகியது. காலிழந்தோ கண்ணிழந்தோ வாழும் ஆண்டுகள் நெடியன. உண்மைச் சோதனை அவ்வாண்டுகளிலேதான் உள்ளது. இரக்கம் கொடுப்பதோடு அமையும். அன்போ அவனிடமிருந்து பெறவும் விழையும். அவன் கருத்தைக் கேட்டும், தவறெனின் மறுத்தும், அவனால் இயல்வதை அவனிடமே விட்டும் வாழ்பவளே அவனை மனிதனாகக் காக்கிறாள். இறைநம்பிக்கையும் அத்தகையதே. இழந்த கால் மீளாதென அறிந்த பின்னரும் தொழும் கை, பேரம் பேசாத கை.

உறுதி கூறியவர் இருவர். ஆதலின் அது அவளை மட்டும் கட்டுவதன்று. தன் புண்ணையே தன் முழு வாழ்வாக்கி அவளை வெறும் காவற்காரியாக்காதிருத்தல், மீண்டவனின் கடமையாகும்.