ஒரு பிடி அரிசி

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அதற்குப் பெரும் புரவலர்கள் மட்டும் காரணமல்லர். அறுவடை முடிந்ததும் அரிசி மூட்டையோ காய்கறியோ கொண்டுவந்து இறக்கும் விவசாயிகளும்தான்.

மிசோரமில் நூறாண்டுக்கும் மேலாக ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்குமுன் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். தேவாலயத் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று அதைச் சேகரித்து, விற்று, திருப்பணிகளுக்குச் செலவிடுவார்கள். தமிழ்நாட்டிலும் 'பிடி அரிசி' புதிதல்ல.

ஆனால் நம் ஊர் ஆதரவற்றோர் இல்லங்களுக்கு இப்படிச் சிறுகச் சிறுகத் தொடர்ந்து உதவி வருவதில்லை. பிறந்தநாள், அமாவாசை என்றால் ஒரே நாளில் மூன்று வீட்டுச் சாப்பாடு வந்து குவியும். மாதக் கடைசியில் மின்கட்டணத்துக்கும் சமையல்காரம்மா சம்பளத்துக்கும் பணம் இருக்காது. கேக் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஆள் உண்டு. கேஸ் சிலிண்டருக்கு இல்லை!

எனவே கிளம்புமுன் ஒரு போன் போட்டு, என்ன தேவை என்று கேட்பது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை ஆறாயிரம் கொடுப்பதைவிட மாதம் ஐந்நூறு வந்தால், இல்லத்தார் கணக்குப் போட்டுச் செலவு செய்ய முடியும். ரசீது கேட்டு வாங்கலாம், தவறில்லை.

இல்லங்களுக்கு வந்து உதவும் தொண்டர்களையும் மறந்துவிடக் கூடாது. மாலைநேர வகுப்பு எடுக்க இரண்டு பஸ் மாறி வரும் கல்லூரி மாணவிக்குப் பஸ் கட்டணமும், வந்ததும் ஒரு டீயும் கொடுத்தால் அடுத்த வாரமும் வருவாள். பரீட்சை நேரத்தில் அவளுக்குப் பதில் வகுப்பெடுக்க இன்னொருவர் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும்.