டெல்லி யார் கையில்?

ஷியாம் பெனகலின் ‘ஜுனூன்’ (1978). ரஸ்கின் பாண்டின் குறுநாவலில் இருந்து எடுத்தது.

ஷாஜகான்பூர், 1857 மே மாதத்து ஞாயிறு. ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே, கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துக் கிளர்ந்த சிப்பாய்கள் தேவாலயத்துக்குள் புகுகிறார்கள். அங்கே வந்திருந்த ஒரு குடும்பத்தின் தலைவர் வெட்டுண்டு சாகிறார். மனைவி மரியம், மகள் ரூத், பாட்டி மூவரையும் லாலா ராம்ஜிமல் தன் வீட்டில் ஒளித்து வைக்கிறார். அங்கிருந்து அவர்களைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறான் பட்டாணியன் ஜாவேத் கான். ரூத் மேல் அவனுக்குப் பித்து.

*

காதல் படம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடித்து வைத்திருப்பவன் பெண் கேட்கிறான். அந்தச் சங்கடத்தைப் படம் பூசி மெழுகவில்லை. மரியத்தின் பதில்தான் கதையின் முதுகெலும்பு: டெல்லி யார் கையில் என்று முதலில் தெரியட்டும். கிளர்ச்சிக்காரர்கள் ஜெயித்தால் பெண்ணைத் தருகிறேன். மகளைப் பணயம் வைத்துவிட்டாளே என்று பதறத்தான் தோன்றும். உண்மையில் அவள் வாங்கியது நாட்கள். கையில் வேறொன்றும் இல்லாதவள்.

*

ஜாவேதுக்குப் புறா வளர்ப்பதில் மோகம். ஊர் எரியும்போதும் அவன் கண் வானத்தில். டெல்லி போய்விட்டது என்ற சேதியோடு வந்து நிற்கிறான் மைத்துனன் சர்ஃபராஸ் (நஸீருதீன் ஷா). வந்தவன் கூண்டுகளை அடித்து நொறுக்குகிறான். மூங்கில் முறியும் ஓசை, சிறகடிப்பு. வசனத்தைவிட அந்த ஆத்திரம்தான் தோல்வியைச் சொல்கிறது. போர் என்று ஒன்று நடக்கிறது என்பதே அப்போதுதான் ஜாவேதுக்கு உறைக்கிறது.

*

ஜாவேதாக நடித்த சசி கபூர்தான் தயாரிப்பாளர். பெண் தராமல் நாள் கடத்தும் மரியமாக வருகிற ஜெனிஃபர் கெண்டல் அவருடைய நிஜ மனைவி, ஆங்கிலேயப் பெண். படப்பிடிப்பின் இடைவேளையில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பாட்டியாக உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய். அவர் முகத்தில் நடிப்பே தெரியவில்லை.

*

ஜாவேத் போரில் மடிகிறான். 55 ஆண்டுகள் கழித்து லண்டனில், மணமாகாமலேயே ரூத் இறக்கிறாள். இதைச் சொல்லிப் படம் முடிகிறது. அவள் மனத்தில் இருந்தது காதலா, பயமா, பழக்கமா? பெனகல் சொல்லவில்லை. சொல்லாததே சரி.

எனக்கு நெருடுவது ஃபிர்தவ்ஸ், ஜாவேதின் மனைவி. ஷபானா ஆஸ்மி. வீட்டு ஆண்கள் கம்பெனியை எதிர்த்து நிற்கிறார்கள். ஆனால் சக்களத்தி வராமல் இருக்க வேண்டுமானால் கம்பெனி ஜெயிக்க வேண்டும். எந்தப் பக்கத்துக்காக அவள் துஆ கேட்டிருப்பாள்? விசுவாசம் இரண்டாகப் பிளந்தது அவளுக்குத்தான். அவளிடம் யாரும் கேட்கவில்லை. படம் கிடைத்தால் பாருங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள், இம்முறை ஃபிர்தவ்ஸை மட்டும் கவனித்துப் பாருங்கள்.