காட்டில் உறங்கும் உரிமை

ஓய்வுக்காகக் காடு செல்லுதல் நமது பண்பாட்டிற்குப் புதிய கருத்தாகும். காவியங்களிலே காடு தண்டனை நிலம். அரசுரிமை இழந்தவன் அங்கே அனுப்பப்பட்டான். துறவிக்கு அது தவநிலம். வேடனுக்கும் ஆயனுக்கும் விறகு பொறுக்கும் பெண்ணுக்கும் அது பிழைப்பு. கூடாரத்தை முதுகிலே சுமந்து நடந்து சென்று, இரண்டு இரவுகள் மரத்தடியிலே தங்கி, யாதொரு பயனும் கருதாது திரும்பி வருவதை அவர்களுள் எவரும் விளங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். இன்றோ கொழும்பு இளைஞர் பலர் விடுமுறை நாட்களில் ஹோட்டன் சமவெளிக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் இவ்வாறு செல்கின்றனர். வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடலாமா? முற்போக்கு எண்ணமுடைய நண்பர்கள் பலர் அவ்வாறே ஒதுக்குகின்றனர். அவர்கள் கூற்றிலே உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே என்பது எனது துணிபு.

அப்பாதியை முதலில் நோக்குவோம். இந்நாட்டிலே காட்டைப் பொழுதுபோக்கு நிலமாக்கியோர் பிரித்தானிய ஆட்சியாளர். சிங்கள மக்கள் மகா எலிய என வழங்கிய உயர்நிலத்துக்கு, 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயர் சூட்டப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. காடு சரிந்தது, கோப்பி எழுந்தது, பின்னர் தேயிலை வந்தது. எஞ்சிய காட்டிலே துரைமார் வேட்டையாடினர். மேஜர் றொஜர்ஸ் என்பார் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகிறது. சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திய கதையை 1854இல் நூலாகவே வெளியிட்டார். இன்று ஹோட்டன் சமவெளியிலே யானை இல்லை. துரைமாரின் பயணங்களில் கூடாரத்தையும் உணவையும் மதுவையும் சுமந்தோர் கூலியாட்கள். துரையின் தோளிலே துப்பாக்கி மட்டுமே இருந்தது.

பாதுகாப்பு என்ற பெயரால் வந்த சட்டங்களும் குற்றமற்றவை அல்ல. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மறு ஆண்டிலே யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. எஞ்சியிருந்த விலங்குகள் பல இவற்றாலேயே பிழைத்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டிலே வாழ்ந்த வேடர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு ஹெனானிகலையிலே குடியேற்றப்பட்டன. அவர்களின் தலைவர் திஸாஹாமி சில குடும்பங்களோடு தம்பானையை விட்டு நகர மறுத்தார். வாழ்ந்தவன் வெளியேற, பார்வையாளன் சீட்டு வாங்கி உள்ளே நுழைகிறான். காட்டழகைப் புகழும் எவரும் இவ்வுண்மையை மறந்து புகழ்தல் கூடாது.

கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த மாணவனொருவன், வகுப்பிலே தேசியப் பூங்காக்களைப் பற்றிய பாடத்தின்போது என்னிடம் கேட்டான்: "காட்டில போய்ப் படுக்க ஏன் சேர் காசு குடுக்கணும்? எங்கப்பா கடை வாசல்ல சும்மாதானே படுக்கிறாரு?" வகுப்புச் சிரித்தது. அவனுடைய தந்தை புறக்கோட்டையிலே நாட்டாமை. பகலெல்லாம் பிறருடைய மூட்டைகளைச் சுமந்துவிட்டு, இரவிலே பூட்டிய கடையின் முன்னே சாக்கை விரிப்பவர். அவருக்கும் மேலே வானமே கூரை. கூடாரவாசிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு யாது?

வேறுபாடு உறங்கும் இடத்திலே இல்லை, தெரிவிலே இருக்கிறது. ஒருவன் வீட்டை விட்டு வானத்தின் கீழ் உறங்கத் தெரிந்துகொள்கிறான். மற்றவனுக்குத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை. ஆகவே அம்மாணவனின் கேள்விக்கு விடை, கூடாரத்தைக் கண்டிப்பதாகாது. அத்தெரிவு ஏன் சிலருக்கு மட்டும் உண்டு என்று வினவுவதே விடையின் தொடக்கம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேர வேலையையும் ஒன்றரை நாள் விடுமுறையையும் ஆண்டுக்குப் பதினான்கு நாள் சம்பள விடுமுறையையும் வகுத்தது. அன்றாடக் கூலிக்கு மூட்டை சுமப்பவனோ நடைமுறையிலே இவ்வேலிக்கு வெளியே நிற்கிறான். ஓய்வு உழைப்பாளியின் உரிமை என நாம் மேடைகளில் முழங்குகிறோம். அவ்வோய்வை அவன் எங்கே கழிப்பது என்று கேட்பதில்லை. உறங்கி எழுந்து மீண்டும் மூட்டை தூக்குவதற்கான இடைவேளைதான் ஓய்வெனில், அதுவும் முதலாளிக்கு உரியதே. பயன் கருதாது ஓர் ஓடையருகே அமரும் நாளன்றோ அவனுக்கே உரிய நாள்!

பிறநாட்டுத் தொழிலாளர் இதனை உணர்ந்து போராடியுள்ளனர். இங்கிலாந்திலே மான்செஸ்ரர் நகரத்தை அடுத்த கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலம், பறவை வேட்டைக்காகப் பிரபுக்களால் அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள், பெனி றொத்மன் என்ற இளம் பொதுவுடைமைவாதியின் தலைமையில் ஏறத்தாழ நானூறு பேர், பெரும்பாலும் இளந்தொழிலாளர், தடையை மீறி அங்கே நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000இல் திறந்த நிலங்களிலே நடக்கும் உரிமை சட்டமாயிற்று. நடத்தல் என்ற எளிய செயலுக்கும் சிறை செல்ல வேண்டியிருந்தது.

நமது மக்களுக்கும் இத்தகைய மரபொன்று உண்டு. ஆனால் நாம் அதனைப் பக்தி என்று மட்டுமே அறிவோம். ஆடித் திருவிழாக் காலத்திலே வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், உகந்தையிலே முருகனை வணங்கி, குமண, யால காடுகளுள் நுழைகின்றனர். கும்புக்கன் ஆற்றைக் கடந்து, மரத்தடிகளிலே சமைத்து உறங்கி, நாட்கள் பல நடந்து மறுபுறம் வெளிப்படுகின்றனர். விவசாயிகள், மீனவர், கைம்பெண்கள், கிழவர்கள் ஆகியோர் அவர்களுள் மிகுதி. ஏனைய நாட்களில் யாலவிலே வாகனத்தை விட்டு இறங்கி உலாவ அனுமதியில்லை; இவர்களுக்காகவோ குறித்த சில நாட்கள் காட்டுப்பாதை திறக்கப்படுகிறது. ஏழைகள் காட்டிலே கூட்டாகத் தங்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தெய்வத்தின் பெயரால் கிடைக்கும் இவ்வுரிமை, மனிதன் என்ற பெயரால் ஏன் கிடைக்கலாகாது?

இங்கே வலிமையான மறுப்பொன்று எழும். எல்லோரும் வந்தால் காடு என்னாவது? யாத்திரையின் பின்னே பிளாஸ்ரிக் போத்தல்கள் கிடப்பதை நாம் அறிவோம். யாலவிலே ஒரு சிறுத்தையைச் சூழ்ந்து ஜீப் வண்டிகள் நெரிவதையும் அறிவோம். மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீரூட்டும் ஹோட்டன் சமவெளி மூவாயிரத்துச் சொச்சம் ஹெக்டேயர் மட்டுமே. எல்லை அவசியம், இதிலே ஐயமில்லை. ஆனால் எல்லையை எதனால் வகுப்பது என்பதே அறக்கேள்வி. கட்டணத்தை உயர்த்தினால் கூட்டம் குறையும், குறைவோர் யாவர்? கால் வலிமையற்றோர் அல்லர், பை வலிமையற்றோரே. ஆதலால் விலையால் வகுப்பதினும் முறையால் வகுப்பதே நியாயம். இத்தனை இடங்கள் என்று காடு தாங்குமளவைக் கணித்து, அவற்றைச் சீட்டுக் குலுக்கியோ முன்பதிவு வரிசையிலோ பகிர்ந்து, ஒரு பங்கைப் பாடசாலைகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒதுக்கலாம். எல்லையைத் தீர்மானிக்கும் அவையிலே காட்டோரத்து மக்களும் அமர்தல் வேண்டும்.

நடந்து சென்று தங்குவதை ஏனைய உல்லாசங்களினின்றும் நான் வேறுபடுத்துவதற்குக் காரணம் இதுவே. நடப்பவன் தன் சுமையைத் தானே சுமக்கிறான். எவ்வளவு வேண்டும் என்பதை அவனது முதுகே அவனுக்குக் கற்பிக்கிறது. கொண்டு சென்றதன் மிச்சத்தையும் அவனே திருப்பிக் கொண்டு வருகிறான். அவனுக்காக அதைப் பொறுக்கும் கூலியாள் இல்லை. பிறர் தோளிலே சுமையேற்றி வாழும் சமுதாயத்திலே இது சிறிய பாடமன்று.

ஆசிரியர்களாகிய நாம் பரீட்சைக்கு வேண்டிய காட்டை வரைபடத்திலே காட்டி அமைகிறோம். கோட்டைப் புகையிரத நிலையத்திலே தொடங்கும் மலைநாட்டுப் பாதை, தேயிலை மலைகளினூடே ஏறி, 1,891 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையத்தை அடைகிறது. ஹோட்டன் சமவெளி அதற்கு அணித்தே உள்ளது. அங்கே மாணவரை அழைத்துச் செல்வோர், தேயிலைக்காக எந்தக் காடு அழிந்தது, அதை அழிக்கவும் நடவும் யாருடைய முதுகுகள் வளைந்தன என்பவற்றையும் சொல்லியே அழைத்துச் செல்லுதல் வேண்டும். நாட்டாமையின் மகனும் அக்கூட்டத்திலே இருத்தல் வேண்டும். தந்தையும் ஒருநாள் வருதல் வேண்டும். தெரிந்துகொண்டு வானத்தின் கீழ் உறங்கும் ஓர் இரவு அவருக்குக் கிடைக்கும்வரை, காடு பொதுச்சொத்து என்பது சட்டப் புத்தகத்துச் சொல்லாகவே இருக்கும்.